மாதாவடியில் இடக்கைப் பக்கம்

எனக்குச் சைக்கிள் பிடிக்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் இப்படிச் சொல்லக் கூடாது என்று பலர் என்னைக் கண்டித்திருக்கிறார்கள். பிடிக்காது என்றால் பிடிக்காது. பள்ளிக்கூடம், ரியூசன், சங்கக்கடை என்று ஊரில் மிதித்த மிதி ஒரு சென்மத்துக்குப் போதும். ஜேர்மனிக்கு வந்து கார் வாங்கிய அன்றே, இனி இந்தக் கால் பெடலில் படாது என்று முடிவெடுத்தவன் நான். அப்படிப்பட்ட என்னைப் போன ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காலை என் மகளின் சைக்கிளில் ஏற்றி, எர்லாங்கனுக்கு மேற்கே குளக்கட்டுகளிலும் காட்டுக்குள்ளும் அலைய வைத்தார் கொறற்றி அக்கா. அவருடைய கணவர் அலோசியஸ் அண்ணைக்குப் பின்னால், அவருக்குத் தெரியாமல் போக வேண்டும் என்பது கட்டளை. போகும்போது எதற்காகப் போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வரும்போது ஒன்றும் தெளிவாக இல்லை.

அலோசியஸ் அண்ணை மன்னார்க்காரர். வங்காலையில் பிறந்து, சண்டை தொடங்கிய காலத்தில் கிழக்கு பேர்லின் வழியாக இங்கே வந்தவர். நானும் அவரும் அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். நான்கு பேர் ஓயாமல் கதைப்போம், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஆசுப்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை எடுத்தார். என்னையும் அங்கே இழுத்துவிட்டவர் அவர்தான். சூட்டு உருளைகளுக்கு ஊடாக ஈர விரிப்பு போய் மறுபக்கம் மடங்கி வரும் இயந்திரத்தில் அவர் ஒரு முனையில் நிற்பார், நான் மறுமுனையில் நிற்பேன். அந்த வெக்கையில் எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அவருக்கு வியர்வைதான் வரும். ஞாயிறு பூசை, சனி சந்தை, மகள் கிறிஸ்ரினாவின் படிப்பு என்று வாழ்ந்த மனிதர். கிறிஸ்ரினா படித்து முடித்து டார்ம்ஸ்டாட்டில் ஒரு கொம்பனியில் பொறியியலாளராக இருக்கிறாள். அவரைப் பற்றி யாராவது கேட்டால், பேர் கெடாத மனிசன் என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் அவரைப் பற்றி எங்கள் ஆட்கள் அறிந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், காரில் போகும்போது பச்சை விளக்கு எரிந்த பிறகும் அவர் அசையாமல் இருந்திருக்கிறார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கொறற்றி அக்கா உலுக்கிய பிறகு, நாங்கள் இங்க ஏன் நிக்கிறம் என்று கேட்டாராம். அதன் பிறகு டொக்டர்மார், ஸ்கேன், கேள்விகள். இன்றைக்கு என்ன திகதி, இது எந்த மாநிலம், மணிக்கூட்டுப் படத்தில் முள் கீறுங்கள். ஒரு டொக்டர் மறதி நோயின் தொடக்கம் மாதிரி இருக்கிறது என்றார். இன்னொருவர் அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்றார். மூன்றாமவர் அடுத்த வருடம் வாருங்கள் என்று நாள் குறித்து ரெர்மின் கொடுத்தார். இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து ஒரு மனிதனுக்கு இருக்கா இல்லையா என்று சொல்ல முடியாவிட்டால் எதற்கு அந்த வெள்ளைச் சட்டை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் ஓட வேண்டாம் என்பதில் மட்டும் மூவரும் ஒற்றுமை. அலோசியஸ் அண்ணை காரை விற்றார். வேலையையும் விட்டு முற்பென்சன் எடுத்தார். பிறகு ஒரு பழைய சைக்கிள் வாங்கினார்.

கொறற்றி அக்கா ஒரு நிபந்தனையோடுதான் அதற்குச் சம்மதித்தார். கார் வருகிற பாதைக்குப் போகக் கூடாது. இந்த நாட்டில் அப்படி எங்கே போவது என்று நான் சிரித்தேன். ஆனால் அண்ணை கண்டுபிடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கெண்டை வளர்க்கும் குளங்கள் ஏராளம். குளத்துக்குக் குளம் கட்டு. கட்டின்மேல் சரளைக்கல் கொட்டிய கிறவல் பாதை. குளங்கள் முடியும் இடத்தில் காடு; காட்டுக்குள் மரம் ஏற்றும் லொறிக்காகப் போட்ட கிறவல் பாதை, அதிலும் லொறியை ஆடிக்கொருக்கால்தான் காணலாம். காடு முடிந்தால் வயல், வயலுக்கு நடுவே உழவு இயந்திரப் பாதை. ஊரில் கிறவல் என்றால் சிவப்பு. இங்கே சாம்பல் வெள்ளை. வார இறுதியில் நகரத்து ஜேர்மன்காரர் தடித்த ரயர் பூட்டிய விலை கூடிய சைக்கிள்களில் இதற்கென்றே வருகிறார்கள். அவர்களுக்காகச் சந்திக்குச் சந்தி பச்சை எழுத்தில் பலகை, இலக்கம், அம்புக்குறி எல்லாம் உண்டு.

அண்ணை அந்தப் பலகைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருக்கு வேறு அடையாளங்கள் இருந்தன. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் வயல் சந்திகளிலும் காட்டு ஓரங்களிலும் கல்லில் செதுக்கிய சுரூபங்கள் நிற்கும். மழையில் நனைந்து பாசி பிடித்து, காலடியில் யாரோ வைத்த பிளாஸ்ரிக் பூவோடு நிற்கும். அண்ணை அவற்றை வைத்துத்தான் பாதையைப் படித்திருந்தார். மடியில் மகனைக் கிடத்தியிருக்கும் வியாகுல மாதாவடியில் இடக்கைப் பக்கம். பாலத்தடியில் அருளப்பர், அவரைத் தாண்டினால் நேரே. நாயோடு நிற்கும் புனிதர் ஆரோக்கியநாதரடியில் வலக்கைப் பக்கம். நான் சைவக்காரன், எனக்கு எல்லாச் சுரூபமும் தாடி வைத்த ஒருவர் மாதிரித்தான் தெரியும். ஆனால் முறை புரிந்தது. வைரவரடியில் திரும்பு, பிள்ளையாரடியில் இறங்கு என்று வழி சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாங்களும். ஒருமுறை வழி கேட்ட ஒரு ஜேர்மன் சோடிக்கும் அண்ணை இப்படியே சொல்லியிருக்கிறார்: மரியாவுக்கு இடம், நாய்க்கார அர்ச்சியசிட்டவருக்கு வலம். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்களாம்.

இப்படி ஓடித் திரிந்தவர் கோடையில் ஒரு நாள் தொலைந்து போனார். வெயில் இறங்கிய பிறகு தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் அவரையும் சைக்கிளையும் வான் வண்டியில் ஏற்றி வந்து விட்டார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, சுருவம் முடிஞ்சு போச்சு என்றார் அண்ணை. கொறற்றி அக்கா அன்று குளியலறைக்குள் போய் அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலைத்தலத்தில் ஒரு ஜேர்மன்காரிதான் விளங்கப்படுத்தினாள்: இங்கே ஒரு ஊர் கத்தோலிக்கம் என்றால் அடுத்த ஊர் லூத்தரைப் பின்பற்றும் லூத்தரன், பழைய காலத்தில் ஒன்றை ஆயர் ஆண்டார், மற்றதைப் பிரபு ஆண்டார், லூத்தரன் ஊர் வயல்களில் சுரூபம் வைக்கும் வழக்கம் இல்லை. அப்படியென்றால் அண்ணை சொன்னது உண்மை. உண்மையிலேயே சுரூபம் முடிந்து போயிருக்கிறது. ஆனால் பிறகு இன்னொரு நாள், நன்றாகத் தெரிந்த பாதையில் சாமான் வாங்கப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வராமல் பின்னேரம் வெறும் கையோடு வந்து நின்றார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் சும்மா என்றார். முதல் முறை தொலைந்தது நோயாலா லூத்தராலா? இரண்டாம் முறை தொலைந்தாரா, உண்மையிலேயே சும்மா சுற்றினாரா? ஒருவருக்கும் தெரியவில்லை.

கிறிஸ்ரினா பொறியியலாளர். தெரியாது என்ற பதிலோடு அவளால் இருக்க முடியாது. முதலில் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்றை அனுப்பினாள். அண்ணை அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகப் போவதாக அறிவித்தாள். அண்ணை வாதாடாத மனிதர். அன்றைக்கு மட்டும் தொலைபேசியை வாங்கி, சைக்கிளைக் கொண்டு போறதெண்டா என்னையும் ஒரு மூலையில கொண்டுபோய் வை பிள்ளை என்று சொல்லிவிட்டு வைத்தாராம்.

அண்ணைக்கு அந்தச் சைக்கிள் என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒருமுறை அவரிடமே கேட்டேன், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று. "அங்க ஒருத்தரும் என்னட்டைக் கேள்வி கேக்கிறேல்லை" என்றார்.

கொறற்றி அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கு முதல் நாள் அவரைத் தனியே அனுப்பிப் பார்ப்பது. காட்டுக்கு அப்பால் உள்ள கத்தோலிக்க ஊரில் ஒரு குளக்காரக் குடும்பம் சனிக்கிழமைகளில் கெண்டை விற்கும். அண்ணை பலமுறை போன இடம். போய் இரண்டு கெண்டை வாங்கிக்கொண்டு ஒழுங்காக வந்தால் சைக்கிள் அவருக்கு. மகளுக்கு நானே சொல்லி நிறுத்துவேன் என்று அண்ணையின் முகத்துக்கு நேரே சொன்னார். தொலைந்தால் சைக்கிள் டார்ம்ஸ்டாட்டுக்கு. அண்ணை ஓம் என்றார். அதற்குப் பிறகுதான் அக்கா எனக்குத் தனியே தொலைபேசி எடுத்தார். ஆளுக்கு ஒன்றும் நடந்துவிடக் கூடாது, நீர் பின்னால் போம் தம்பி, அவர் வழி தவறினாரா இல்லையா என்று வந்து எனக்கு மட்டும் சொல்லும் என்றார். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த நாட்டில் கிடைத்திருக்க மாட்டான். ஆனாலும் ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று காலை குளங்களின் மேல் பனிப்புகார் படிந்திருந்தது. மீன் பிடிக்கும் காலம் என்பதால் சில குளங்களைத் திறந்துவிட்டு வெறும் சேறாக்கியிருந்தார்கள். அந்த மணம் எனக்குக் குமட்டியது. அண்ணை ஒரு நீல மழைச்சட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். என் மகளின் சைக்கிளில் ஏதோ ஒன்று கழன்று கடகடவென்று அடித்தது. கிறவலில் அந்தச் சத்தம் ஊருக்கே கேட்கும் போல இருந்தது. ஆனால் அண்ணை ஒருதடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாதாவடி வந்தது. அவர் வேகம் குறைத்து, நெற்றியில் சிலுவை போட்டு, இடக்கைப் பக்கம் திரும்பினார். பாலத்தடி அருளப்பரைத் தாண்டி நேரே போனார். அவ்வளவும் சரி. காட்டு ஓரத்தில் ஆரோக்கியநாதர் நிற்க வேண்டிய சந்தியில் நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். அங்கே ஆரோக்கியநாதர் இல்லை, நாயும் இல்லை. வெறும் பீடம்தான் இருந்தது, அதற்கும் பிளாஸ்ரிக் சுற்றியிருந்தது. திருத்துவதற்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இத்தனை வருடம் நின்றவரை இன்றைக்குத்தானா கழற்ற வேண்டும் என்று நான் மரத்துக்குப் பின்னால் நின்று யாரை என்று தெரியாமல் திட்டினேன். அண்ணை இறங்கினார். பீடத்தைச் சுற்றி வந்தார். ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி வலக்கைப் பக்கம் திரும்பினார். அதுதான் சரியான வழி. எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

காட்டுப் பாதையில் ஒரு இடத்திலும் அவர் தயங்கவில்லை. நான்தான் மூச்சு வாங்கி, இருக்கை குத்தி, இரண்டு தரம் இறங்கி நடந்தேன். வழி தெரியாதவன் சந்தியில் தயங்குவான், அது எனக்குத் தெரியும். இவர் சந்திகளை வீட்டுக் கதவு மாதிரிக் கடந்து போனார். டொக்டர்மாரும் பொறியியலாளரும் சேர்ந்து ஒரு நல்ல மனிதனை நோயாளி ஆக்கிவிட்டார்கள் என்று எனக்குள் கோபம் ஏறியது. கொறற்றி அக்காவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வசனங்களையே தயாரித்துவிட்டேன்.

ஊர் வந்தது. குளக்காரரின் முற்றத்தில் பெரிய தொட்டிகள், கெண்டை படம் போட்ட பலகை, வாங்க நிற்கும் ஆட்கள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அண்ணை முற்றத்துக்கு முன்னால் மெதுவாகப் போனார். வரிசையில் நின்ற ஒருவர் கையசைக்க, இவரும் தலையசைத்தார். அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

எனக்கு விளங்கவில்லை. ஆட்கள் கூடுதலாக நிற்கிறார்கள், குறைந்த பிறகு வருவார் என்று நினைத்தேன். அவர் கோயில் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். ஆ, முதலில் செபம், பிறகு மீன். நல்ல கிறிஸ்தவன் அப்படித்தான் செய்வான் என்று எனக்கு நானே சொன்னேன். கன நேரம் கழித்து வெளியே வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். சைக்கிளில் ஏறி மறுபடியும் முற்றத்துக்கு முன்னால் வந்து, தொட்டிகளைப் பார்த்து, திரும்பவும் தாண்டி, ஊருக்கு வெளியே வேறொரு பாதையில் இறங்கினார்.

இதில் எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை. வழி தவறவில்லை, வந்து சேர்ந்த இடமும் சரி. ஆனால் மீன் இல்லை. மறந்துவிட்டாரா? அல்லது மனைவி வைத்த சோதனையில் வந்த ரோசத்தில் வேண்டுமென்றே வாங்காமல் விட்டாரா? இரண்டாவது என்றால் எனக்குச் சந்தோசம். நான் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவர் நான் இல்லையே. எது எப்படி என்றாலும் மீன் இல்லாமல் போனால் சைக்கிள் போய்விடும். நான் யோசிக்கவில்லை. ஓடிப் போய் வரிசையில் நின்று இரண்டு கெண்டை வாங்கினேன். வெட்டித் தந்த பெண் தலை வேண்டாம்தானே என்று கேட்டாள். தலையும் வேணும் என்று சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு தலைகளையும் பையில் போட்டாள்.

வெளியே வந்தால் அண்ணையைக் காணவில்லை.

அவர் இறங்கிய பாதையில் நானும் போனேன். அது வயலுக்குள் போய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் போனேன், அது மூன்றாகப் பிரிந்தது. பச்சைப் பலகையில் ஒரு இலக்கம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போக, அது என்னை ஒரு காட்டைச் சுற்றிக் கொண்டுவந்து புறப்பட்ட இடத்திலேயே விட்டது. அவர்களுக்கு அது உல்லாசச் சுற்றுப் பாதை. எனக்குத் தலை சுற்றியது. வாகனம் இல்லாத பாதை, நிம்மதியான பாதை என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். வாகனம் இல்லாத இடத்தில் வழி கேட்க ஒரு மனிதனும் இல்லை என்பதை ஏன் போடுவதில்லை? கைத்தொலைபேசி எடுத்தால் வரைபடம் வரவில்லை, ஒரு நீலப் புள்ளி மட்டும் வெள்ளைத் தாளில் நிற்கிற மாதிரி நின்றது. கைப்பிடியில் மீன்பை ஆடி ஆடி முழங்காலில் அடித்தது. அப்போதுதான் கவனித்தேன், கன நேரமாக ஒரு சுரூபத்தையும் காணவில்லை. நான் லூத்தரன் ஊர்ப் பக்கம் வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வந்தது. என்னைப் பற்றி இல்லை. கொறற்றி அக்கா ஒரு மனிதனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், நான் இரண்டு மீனைப் பார்த்துக்கொண்டு மனிதனைத் தொலைத்துவிட்டேன். அவர் எந்தக் குளத்தடியில் நிற்கிறாரோ, விழுந்து கிடக்கிறாரோ. நான் வெறும் வயலைப் பார்த்து அண்ணை, அண்ணை என்று கத்தினேன்.

பின்னால் கிறவல் நெரிபடும் சத்தம் கேட்டது. நீல மழைச்சட்டை.

"எங்க போறாய் தம்பி?" என்றார் அலோசியஸ் அண்ணை. "இந்தப் பக்கம் சுருவம் இல்லை. நான் கடைசிச் சிலுவையடியிலயே நிண்டிட்டன். உன்ரை சைக்கிள் கடகடவெண்டு இங்கால போறது கேட்டுது."

என்னை எப்போது கண்டீர்கள் என்று கேட்டேன். மாதாவடியிலேயே கண்டுவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். வா என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனார். கடைசிச் சிலுவை, காடு, வெறும் பீடம், பாலம், எல்லாம் வரிசையாக வந்தன. ஒரு பிழை இல்லை. இப்போது யார் யாருக்குத் துணை என்று எனக்கே குழம்பிவிட்டது.

வீட்டுக்குக் கிட்ட வந்ததும் நான் இறங்கி மீன்பையை அவருடைய பின்கரியரில் கட்டினேன். இது என்ன என்று கேட்டார். மீன் அண்ணை, அக்காவிடம் நீங்கள் குடுங்கோ என்றேன். அவர் பையைத் திறந்து இரண்டு தலைகளையும் பார்த்தார். "ஓ," என்றார். பிறகு மெல்ல, "மீன்" என்றார். அந்த ஓவுக்கு என்ன பொருள் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொறற்றி அக்கா வாசலிலேயே நின்றார். அண்ணை மீன்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். அக்கா பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வழி தவறினாரா என்று வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை, ஆரோக்கியநாதரைக் கழற்றி வைத்திருந்தும் சரியாகத் திரும்பினார், நானே வழி தவறி அவர்தான் என்னைக் கூட்டி வந்தார் என்று சொன்னேன். அவ்வளவும் உண்மை. மீனும் அவர்தான் வாங்கினார் என்றேன். அது மட்டும் பொய்.

அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். முகத்தில் இருந்த வருடக்கணக்கான பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது. தொலைபேசியை எடுத்து, இப்பவே பிள்ளைக்குச் சொல்லுறன், நாளைக்கு வர வேண்டாமெண்டு என்றார்.

"பொறும் கொறற்றி" என்றார் அண்ணை. ஒரு சப்பாத்து கையில் இருந்தது. "மீன் நான் வாங்கேல்லை."

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வழியெல்லாம் தெரிஞ்சது. எங்க திரும்பவேணும், எங்க ஏறவேணும், எல்லாம் தெரிஞ்சது. அங்க போய்ச் சேந்தாப் பிறகு, எதுக்கு வந்தனான் எண்டு தெரியேல்லை." அவர் சப்பாத்தைக் கவனமாக நிலத்தில் வைத்தார். "கோயிலுக்குள்ள போய் மாதாட்டையும் கேட்டுப் பாத்தன். என்னை எதுக்கு இங்க அனுப்பினவை எண்டு. திரும்பி வந்து மீன் தொட்டியைப் பாத்தனான். அப்பவும் வரேல்லை. அண்டைக்கு மத்தியானம் வராமல் நிண்டதும் இப்பிடித்தான்."

அந்தக் காலை முழுவதும் என்னைக் குழப்பிய எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் சைக்கிள் அவரிடமே இருந்திருக்கும். நான் எல்லாம் ஒப்பேற்றிக் கொடுத்திருந்தேனே. ஏன் இந்த மனிதர் வாயைத் திறந்தார் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. கதைக்காத மனிதர் கதைப்பதற்கு இந்த ஒரு நாளா கிடைத்தது?

கொறற்றி அக்கா முதலில் என்னைத்தான் பார்த்தார். இனி எனக்குப் பொய் சொல்லாதையும் தம்பி என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். அண்ணை மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்து மீன்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுபக்கம் கிறிஸ்ரினா என்னவோ கேட்டாள். ஓம், நடந்தது, அவர் மறந்து போனார் என்று அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கிறிஸ்ரினா நீளமாகக் கதைத்தாள். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், நாளைக்கு வா" என்றார் அக்கா. "வரேக்க நீ யூனிவர்சிற்றிக்கு ஓடின சைக்கிள் நிக்குதெல்லே, அதைக் கொண்டு வா. இருக்கையைப் பதிச்சுவிடு, எனக்குக் கால் எட்டாது."

யாருக்கு என்று கிறிஸ்ரினா கேட்டிருக்க வேண்டும். அண்ணை தலையை நிமிர்த்தினார்.

"எனக்குத்தான் பிள்ளை, வேற ஆருக்கு" என்றார் கொறற்றி அக்கா. "அப்பாக்கு வழி தெரியுது. எங்க போறம், எதுக்குப் போறம் எண்டு எனக்குத் தெரியும். ரண்டு பேரும் சேந்தா ஒரு ஆளுக்குப் போதுந்தானே."